மதுவும் மதமும்: தடை ஒன்றே அளவுகோல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதப் பின்னணிக்கும் குடிப்பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மதுவை விலக்கிய மதங்கள், ஏற்றுக்கொண்ட மதங்கள் என்று உலகை இரண்டாகப் பிரித்து, முன்னதில் கட்டுப்பாடும் பின்னதில் சீர்கேடும் இருப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். குடிநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அந்தப் பிரிவினை நடப்புக்குப் பொருந்தவில்லை.

யூதர்களையே எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கும்போது, குடும்பத் தலைவர் திராட்சை மதுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, ஆசிமொழி சொல்லி, தாம் அருந்திய பின் மற்றவர்களுக்குக் கொடுப்பார். பிள்ளைகளும் நாக்கை நனைத்துக்கொள்வார்கள். அத்தோடு சாப்பாடு தொடங்கிவிடும். பாஸ்கா என்னும் விடுதலைத் திருநாளின் இரவில் நான்கு கிண்ணம் அருந்த வேண்டும் என்று விதியே உண்டு. (பூரிம் திருநாளில் நிதானம் இழக்கும் வரை குடிக்க வேண்டும் என்று யூதச் சட்ட நூலான தல்மூதில் ஓர் இடம் வருகிறது, அதுவும் ஆண்டுக்கு ஒரு நாள்தான்.) இவ்வளவு இருந்தும் அவர்களிடையே குடிநோய் குறைவாக இருந்ததன் காரணத்தைச் சமூகவியலாளர்களான ராபர்ட் பேல்ஸ் 1946இலும் சார்ல்ஸ் ஸ்னைடர் 1958இலும் ஆராய்ந்து எழுதினார்கள். சடங்கு நெறியில் பிடிப்புள்ளவர்களிடம் குடிவெறி அரிதாகவும், அந்தப் பிடிப்பு தளர்ந்தவர்களிடம் கூடுதலாகவும் இருந்ததை ஸ்னைடர் கண்டார். எப்போது, யாரோடு, எவ்வளவு என்பதை அந்தக் கிண்ணமே சிறுவயதில் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

கிறிஸ்தவத்துக்குள் ஒரே வேதத்திலிருந்து எதிரெதிர் வழக்கங்கள் பிறந்தன. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை மது இன்றியமையாதது. புராட்டஸ்டண்டு பிரிவுகளுள் ஒன்றான மெதடிஸ்டு சபையைச் சேர்ந்த தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவரோ, 1869இல் திராட்சைச் சாற்றைப் புட்டியிலிட்டுச் சூடாக்கி, அது நொதித்து மதுவாகாமல் தடுத்து, நற்கருணைக்கு மதுவே வேண்டாம் என்னும் வழியைக் காட்டினார். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடப்பில் இருந்த மதுவிலக்குக்கு உந்துதல் தந்தவை பெரும்பாலும் இத்தகைய சபைகளே. அந்தச் சட்டமும் வழிபாட்டு மதுவுக்கு விலக்கு அளித்தது. கத்தோலிக்க நாடுகளுக்குள்ளும் ஒருமை கிடையாது. இத்தாலியில் மது உணவோடு சேர்ந்த பொருள். அயர்லாந்திலோ 1838இல் தியோபால்டு மேத்யூ என்ற பாதிரியார் தொடங்கிய இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்தார்கள்.

தடை விதித்த மதங்களும் காரணம் சொல்லித்தான் விதித்தன. பௌத்தத்தின் ஐந்து ஒழுக்க விதிகளில் கடைசியான ஐந்தாம் சீலம், கவனம் தவறுவதற்கு இடமாகும் என்பதால் மதுவைத் தவிர்க்கச் சொல்கிறது. குர்ஆனில் அது படிப்படியாக வருகிறது: நன்மையைவிடத் தீமை பெரிது என்பது முதலில், போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்பது பிறகு, முழு விலக்கு கடைசியில்.

தடை பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் ஆள்வீத மது நுகர்வு உலகிலேயே மிகக் குறைவு. மறுபுறம், மதுவை உணவாகவே கருதிய பிரான்ஸில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்லீரல் இறுக்க நோய் பெருகியிருந்தது. ஆனால், மது விலக்கப்பட்ட வீட்டிலிருந்து குடிக்கத் தொடங்குபவருக்கு அளவு சொல்லிக்கொடுக்க யாரும் இருப்பதில்லை. அவர் ஒளித்துக் குடிக்கிறார். ஒளித்துக் குடிப்பவர் அவசரமாகக் குடிக்கிறார். உடம்பு கெட்ட பிறகும் வெளியில் சொல்வதில்லை. அப்படி மிகத் தாமதமாக என்னிடம் வந்த ஒருவர், மருந்தைப் பற்றியோ செலவைப் பற்றியோ கேட்கவில்லை. “ஐயா, இனி நான் தொழப் போகலாமா?” என்றுதான் கேட்டார்.

அவருக்கான பதில் அவருடைய மதத்திலேயே இருந்தது. மனம் திருந்தி வருபவருக்கு இஸ்லாம் கதவை அடைப்பதில்லை. அதுபோலவே, மது அருந்த இயலாத குருக்கள், ஆயரின் அனுமதியோடு, நொதிப்பு தொடங்கிய நிலையிலேயே நிறுத்தப்பட்ட ‘முஸ்தும்’ என்னும் திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்றக் கத்தோலிக்கத் திருச்சபையும் இடமளித்திருக்கிறது. குடிநோயாளியிடம் அந்தந்த மதத்தின் குருமார் என்ன பேசுகிறார்கள் என்பதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்