காயத்தைச் சொன்னவரின் இடத்தைக் காப்பாற்றுங்கள்: என்.எஃப்.எல். நிர்வாகத்துக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் ரோஜர் குட்டெல் அவர்களுக்கும், 32 அணிகளின் உரிமையாளர்களுக்கும், வீரர்கள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளின் காயங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 2018இல் முறிந்த அலெக்ஸ் ஸ்மித்தின் காலைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். நான் அவருடைய தலையில் பட்ட அடியிலிருந்து தொடங்குகிறேன்.

2012 நவம்பர் 11 அன்று, சான் பிரான்சிஸ்கோ அணிக்காக செயின்ட் லூயிஸ் ராம்ஸை எதிர்த்து ஆடிய ஸ்மித், தலையில் அடிபட்டுக் கண் மங்கிய நிலையிலும் புள்ளி ஈட்டித்தரும் ஒரு டச் டவுனுக்குப் பந்தை எறிந்துவிட்டுத்தான் களத்திலிருந்து வெளியேறினார். அதற்கு முந்தைய மாத இறுதியில், அரிசோனாவுக்கு எதிரான ஆட்டத்தில், அவர் எறிந்த 19 பந்துகளில் 18 சரியாகக் கைசேர்ந்திருந்தன. மூளையதிர்ச்சி குணமாகி அவர் திரும்பியபோது அவருடைய இடம் அதே அணியின் மாற்று குவாட்டர்பேக் கோலின் கேப்பர்னிக்கிடம் போயிருந்தது. லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஸ்மித் ஓரத்தில் அமர்ந்து பார்த்தார். கேப்பர்னிக் சிறப்பாக ஆடினார் என்பதிலோ, யாரைக் களமிறக்குவது என்பது பயிற்சியாளரின் உரிமை என்பதிலோ எனக்கு மறுப்பில்லை. ஆனால், வேலையை இழப்பதற்குத் தாம் செய்த ஒரே காரியம் மூளையதிர்ச்சிக்கு ஆளானதுதான் என்று ஸ்மித் அப்போது மனம்விட்டுச் சொன்னதை லீகின் மற்ற எல்லா வீரர்களும் கேட்டார்கள். தலை சுற்றுகிறது என்று இனி யார் வாய் திறப்பார்கள்?

இந்தக் கேள்விக்குப் பத்தாண்டு கழித்து மயாமியில் விடை கிடைத்தது. 2022 செப்டம்பர் 25 அன்று, பஃபலோ பில்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், மயாமி அணியின் குவாட்டர்பேக் டூவா டகோவைலோவாவின் பின்தலை தரையில் மோதியது. எழுந்தார், தலையை உதறினார், சில அடி ஓடினார், கால் பின்னிச் சரிந்தார். சக வீரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். முதுகில் அடி என்று காரணம் சொல்லப்பட்டது. இரண்டாம் பாதியில் அவர் மீண்டும் ஆடினார். நான்கே நாளில் சின்சினாட்டியில் மறுபடி தலை தரையில் அறைபட, அவருடைய கைவிரல்கள் முகத்துக்கு முன்னால் விறைத்துக் கோணிக்கொண்டு நின்றன. ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றார்கள். அந்த விரல்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகுதான், அக்டோபர் 8 அன்று, நீங்களும் சங்கமும் சேர்ந்து விதியைத் திருத்தினீர்கள்: நரம்பு மண்டலப் பாதிப்பால் நடையிலோ பேச்சிலோ தடுமாற்றம் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தால், அந்த வீரர் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. நல்ல திருத்தம், அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த விதி அன்றைய ஆட்டத்தோடு முடிந்துவிடுகிறது. மறுவாரமும் மறுவருடமும் வீரரைப் பிடித்து ஆட்டும் அச்சத்தை அது தொடுவதில்லை. 2024 செப்டம்பரில் டூவா மூன்றாவது முறையாக மூளையதிர்ச்சி கண்டறியப்பட்டு வெளியேறியபோது, ஓய்வு பெறுங்கள் என்று முன்னாள் வீரர்களே வெளிப்படையாகக் கெஞ்சினார்கள். தாமாக விலகும் வீரர் ஒப்பந்தத்தின் மிச்சப் பணத்தை இழக்க நேரிடும் என்னும் ஏற்பாடு நிலவும்வரை, தொடர்ந்து ஆடும் முடிவை அவருடைய விருப்பம் என்று சொல்வது நியாயமாகாது. நான்கு ஆட்டங்கள் கழித்து அவர் திரும்பி வந்தார்.

இண்டியானபோலிஸ் அணியின் குவாட்டர்பேக்காக இருந்த ஆண்ட்ரூ லக்கின் கதையில் ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. தோள், விலா, சிறுநீரகம், வயிற்றுத் தசை என்று ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டு, தோள் அறுவைக்குப் பின் 2017 முழுவதையும் இழந்து, 2018இல் மீண்டு வந்து விருதும் வாங்கிய அவர், 2019 ஆகஸ்டில் 29 வயதில் விலகினார். செய்தி கசிந்த இரவில் சொந்த ஊர் ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அனுப்பினார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகக் கொடுத்த தொகையில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை இருந்தும், இண்டியானபோலிஸ் அணி கேட்கவில்லை. ஓர் அணியின் பெருந்தன்மையாக இருந்த அதை எல்லா அணிக்கும் விதியாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். மூளையதிர்ச்சிக்காக வெளியே உட்காரும் வீரருக்கு அந்தப் பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்குமான சம்பளம் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்றாம் முறை அடிபட்டவர் திரும்பலாமா என்பதை அணிச் சம்பளம் வாங்காத மருத்துவர் குழு தீர்மானிக்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் ஒப்பந்தப் பணம் முழுவதும் வீரருக்கே சேர வேண்டும்.

ஸ்மித்தின் காலைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2018 நவம்பர் 18 அன்று, வாஷிங்டன் அணிக்காக ஆடியபோது, வலது கீழ்க்காலின் இரு எலும்புகளும் முறிந்து, புண்ணில் கிருமி ஏறி, சதை அழுகி, காலை எடுக்கலாமா என்று மருத்துவர்கள் யோசித்த கட்டத்தைக் கடந்து, 17 அறுவைகள் முடிந்து, குண்டுவெடிப்பில் காயம்பட்ட படைவீரர்களுக்கான சான் அன்டோனியோ மையத்தில் பயிற்சி பெற்று, 693 நாள் கழித்து அவர் களமிறங்கினார். சற்று நேரத்திலேயே எதிரணியின் தடுப்பாட்டக்காரர் ஆரன் டோனல்ட் அவருடைய முதுகின் மேல் தாவி ஏறினார். அந்தக் கால் தாங்கியது. அந்தப் பருவத்தில் அவர் தொடங்கிய ஆறு ஆட்டங்களில் ஐந்தில் வாஷிங்டன் வென்றது; மீண்டு வந்தவருக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. அடுத்த மார்ச்சில் அணி அவரை விடுவித்தது.

பருவத்துக்குப் பதினெட்டாவது ஆட்டம் வேண்டும் என்று நிர்வாகம் விரும்புவது ஊரறிந்த செய்தி. சங்கம் இசையாமல் அது நடக்காது. அந்தப் பேச்சுக்கு உட்காரும் நாளில், பதினெட்டாவது ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் பேசுவதற்கு முன்னால், மேற்சொன்ன சம்பள உறுதி, தனி மருத்துவர் குழு ஆகிய இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று சங்கத்தையும், கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள் என்று உரிமையாளர்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல பருவங்களாக இந்த ஆட்டத்தை நேசித்துப் பார்த்துவரும் ஒரு ரசிகர்