முதலில் ஒரு கணினியை மட்டும் மாற்று

கல்லடி,
மட்டக்களப்பு.
18.01.2026

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று எழுதியிருந்தாய். இங்கும் எல்லோரும் சுகம். அக்கரைப்பற்றுக் கடையில் உள்ள இரண்டு கணினிகளையும் வீட்டில் மகள் படிக்கும் கணினியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விண்டோஸ் 11க்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். முதலில் ஒன்றை மட்டும் மாற்று. அவசரப்பட்டு இரண்டை ஒரே நாளில் மாற்றியவன் சொல்கிறேன்.

மாறத்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2015 இல் வந்த விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. கணினி வழக்கம்போல ஓடும். ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். தட்டச்சும் போட்டோக் கொப்பியும் செய்யும் எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. வருகிறவர்கள் எங்கெங்கோ செருகிய பென் டிரைவைக் கொண்டுவந்து எங்கள் கணினியில் செருகுகிறார்கள். அதே கணினியில்தான் ஊரவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் கிடக்கின்றன. விண்டோஸ் 11 இல் மெமரி இன்டெக்ரிட்டி என்றொரு காவல் இருக்கிறது. கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளில் நம்பத்தகாதது இயங்குதளத்தின் உட்பகுதிக்குள் நுழைவதை அது தடுக்கிறது. பழைய கருவிகள் சிலவற்றின் டிரைவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவதும் இதே காவல்தான் என்பதால், நன்மையை மட்டும் தனியே பிரித்து எடுத்துக்கொள்ள வழியில்லை.

என் முன்மேசைக் கணினி எந்தச் சிக்கலும் இல்லாமல் மாறியது. தொடக்கப் பொத்தான் நடுவில் வந்து நிற்பது இரண்டு நாள் எரிச்சலூட்டியது. பிறகு அமைப்புகளில் அதை இடப்பக்கம் தள்ளிவிட்டேன். சேமிக்காமல் மூடிய நோட்பேட் குறிப்பு திறந்தவுடன் அப்படியே திரும்ப வருவது, நாள் முழுவதும் ஆட்கள் இடையில் வந்து வேலையைக் கலைக்கும் கடைக்குப் பேருதவி.

பின்மேசைக் கணினியில்தான் சறுக்கினேன். அதில் இருந்தது பழைய வகையான 32 பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஆகவே இருந்ததன் மேல் ஏற்ற முடியாது, வட்டைத் துடைத்துப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். கோப்புகளைப் பிரதி எடுத்தேன், எழுத்துருக்களை மறந்தேன். மறுநாள் மாலை அமிர்தகழியிலிருந்து ஒருவர், போன வருட மரண அறிவித்தலில் திகதியை மாற்றி ஆண்டு நினைவஞ்சலியாக அடித்துத் தரச் சொல்லி வந்தார். கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நின்றது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பு அப்படித்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த அவருக்குத் தெரியாது. பாமினியை ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டேன். லதா எழுத்துருவில் அடித்த யூனிகோட் கோப்புகள் அதைவிடத் தொல்லை தந்தன. எழுத்து வாசிக்க முடியும், ஆனால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்ததால் வரிகள் நீண்டு, கடைசி வரி கட்டத்துக்கு வெளியே விழுந்தது. புதிதாக நிறுவினால் லதா தானாக வராது. அமைப்புகளில் விருப்ப அம்சங்கள் பகுதிக்குப் போய், தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களை இணையத்திலிருந்து இறக்க வேண்டும்.

ஸ்கேனர் போனது போனதுதான். அதைச் செய்த நிறுவனம் 64 பிட் டிரைவர் வெளியிடவேயில்லை. மாற்றுவதற்கு முன் பார்க்காதது என் பிழை. மேல் ஏற்றியிருந்தாலாவது 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்ப வழி இருந்திருக்கும், துடைத்து நிறுவியவனுக்கு அதுவும் இல்லை. இப்போது இணையமே கொடுக்காத பழைய மடிக்கணினி ஒன்றில் அந்த ஸ்கேனரை ஓட்டுகிறேன். கடற்காற்றின் உப்புக்குப் பயந்து இரண்டுக்கும் சேர்த்து ஒரு துவாய் போர்த்தி வைத்திருக்கிறேன்.

இனி உன் கணினிகள். செயலி இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பின்னையதோ வேண்டும். 4 ஜிகாபைட் நினைவகம், கணினி தொடங்கும்போதே நம்பத்தகாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி ஆகியவையும் வேண்டும். டி.பி.எம். இல்லை என்று கணினி சொன்னால் உடனே நம்பிவிடாதே. பல தாய்ப்பலகைகளில் அது, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மகளின் கணினி 4ஆம் தலைமுறை என்று எழுதியிருக்கிறாய், அது தேறாது. இந்தத் தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றும் வழிகளைப் பலர் சொல்வார்கள். அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உறுதி இல்லையென்று மைக்ரோசொப்ட்டே சொல்கிறது. அதைவிட, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் தரும் வீட்டுப் பாவனைக்கான பாதுகாப்பு நீட்டிப்பில் மகளின் கணினியைச் சேர்த்துவிடு. 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணமில்லை, இல்லையென்றால் 30 டொலர்.

கடையில் பிரின்டரும் ஸ்கேனரும் பூட்டாத கணினியை முதலில் எடு. மற்றதைத் தொடுவதற்கு முன் அவற்றின் மாதிரி எண்களை எனக்கு எழுதி அனுப்பு, டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். நிறுவல் கோப்பு ஐந்து ஜிகாபைட்டுக்கு மேல். உன் டேட்டாவை வீணாக்காதே. இரவில் இறக்கி வைத்த பென் டிரைவை, பாமினியையும் அதில் போட்டு, சனிக்கிழமை அந்தப் பக்கம் வரும் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பு. போன முறை கொடுத்தது இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் கல்லடி மச்சான்