படுக்கையருகே புத்தகம் வைத்தவர்களுக்கு

காவேரிப்பட்டணம்

அன்புள்ள சபையாருக்கும் எங்கள் தெருவாருக்கும் ஸ்தோத்திரம்.

வைகாசியில் செந்தூரா மாங்காய் பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். நாலு மாதப் படுக்கை. போன வாரம்தான் ஊன்றுகோலோடு தோட்டம் வரை போய் வந்தேன். மரத்தில் நின்ற மீதிக் காயைப் பறித்து மண்டிக்கு ஏற்றி, பைசா குறையாமல் என் மனைவி கையில் கொடுத்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் தம்பிகளுக்கும் முதல் நன்றி.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது புத்தகங்களுக்காக.

ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்கள் சின்னச் சின்ன ஆறுதல் புத்தகங்கள் தந்தார்கள். விசுவாசி சோர்ந்துபோகக் கூடாது என்கிற மாதிரியானவை. அன்போடு தந்தவைதான். இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் விழித்துக் கிடக்கும்போது, நமக்கு விசுவாசம் போதவில்லையோ என்று அழ வைத்தன. பாஸ்டரம்மா அதைக் கண்டுகொண்டார். அறிவுரை எதுவும் சொல்லாமல் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்து, திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்த அந்த அம்மா 1931-ல் ஒரு குழிக்குள் விழுந்தார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையும் படுக்கையும்தான். நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் துண்டுப்பிரதிகள் அவருக்கும் ஒட்டவில்லையாம்! அதனால்தான் நோயாளி நோயாளிக்கு எழுதுவதுபோல 1933-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் பாஸ்டரம்மா தந்தது, நெதர்லாந்துக்காரர் கோரி டென் பூம் எழுதிய அனுபவம். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக அக்கா பெட்சியும் அவரும் நாஜிகளின் ராவன்ஸ்புரூக் முகாமில் அடைக்கப்பட்டார்கள். கொட்டடி முழுக்கத் தெள்ளுப்பூச்சி. அதற்கும் தேவனுக்கு நன்றி சொல்வோம் என்கிறார் பெட்சி, கோரிக்கு மனம் வரவில்லை. அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வராமல் இருந்தார்கள், அதனால்தான் வேதம் வாசிக்க முடிந்தது என்பது பிறகுதான் தெரிகிறது. பெட்சி அந்த முகாமிலேயே இறந்துபோனார். முறிந்த காலுக்காக நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கோரிக்கும் உடனே வரவில்லை என்பதே எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

எதிர்வீட்டுத் தமிழய்யாவுக்கு எப்படி நன்றி சொல்வது? நெற்றியில் நாமத்தோடு தினமும் சாயங்காலம் வந்து, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை வாய்விட்டுப் படித்தீர்கள். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையை வைத்து 1894-ல் வந்த காவியம் அது. கிருஷ்ணபிள்ளையும் வைணவராகப் பிறந்தவர்தான், பாட்டில் கம்பர் வாசனை அடிக்கிறது பாருங்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பொருள் சொன்னீர்கள். பாவச் சுமையோடு அந்தப் பயணி நடந்தபோது, நடக்க முடியாத நானும் கூடவே போனேன் ஐயா.

பாஸ்டரம்மா, ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது உங்கள் இரண்டு புத்தகங்களையும் கொண்டுவருகிறேன். ஒன்றின் அட்டையில் கஷாயம் சிந்திவிட்டது, மன்னியுங்கள். தமிழய்யா, நமக்கு யாத்திரிகத்தில் கடைசிப் பருவம் பாக்கி இருக்கிறது. இனி நீங்கள் தெருவைத் தாண்டி வர வேண்டாம், நானே உங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறேன்.