பின் விங்கைக் குறைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேஸிங் கேம் ஆடுகிறவர்கள் வேகமான டிராக்குக்குக் காரை எப்படி செட் பண்ணுவது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை என் அக்கா மகன் கொண்டுவந்து காட்டினான். நான் தக்கலையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். கேம் ஆடத் தெரியாது. ஆனால் சக்கரம் நிற்கிற கோணங்களான டோ, கேம்பர் எல்லாம் இருபது வருஷமாக என் கையில் புழங்குகிற சங்கதி என்பதால் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன்.

இத்தாலியில் இருக்கிற மான்சா டிராக்கை உதாரணத்துக்கு எடுத்தது சரிதான். 5.793 கிலோமீட்டரில் 11 வளைவுகள்தான்; மிச்சமெல்லாம் ஆக்ஸிலேட்டரை மிதித்தபடி போகிற ரோடு. 2020-இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் அங்கே தகுதிச் சுற்றில் மணிக்குச் சராசரி 264 கிலோமீட்டரில் ஒரு சுற்று போனார். ஆனால் கட்டுரையாளர் பின் விங்கை, அதாவது காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்துகிற தகட்டை, கடைசி வரை குறைத்து, எண்களை ஒரு அட்டவணையாகப் போட்டு, அதோடு வேலை முடிந்ததுபோல் விட்டுவிட்டார். பையன் அதை அப்படியே போட்டு ஓட்டினான். வண்டி நேர்ரோட்டில் பறந்தது. முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டதும் பம்பரம். சுற்று நேரம் 1 நிமிடம் 28 விநாடியை விட்டு இறங்கவே இல்லை.

"மாமா, ஸ்பீடு வருது, டைம் வரல்ல."

"முன் விங்கை எவ்வளவு வச்சிருக்க மக்கா?"

"அதைத் தொடல்ல. புக்குல போடல்லியே."

கோளாறு அங்கேதான். பின்னால் அழுத்தத்தை எடுத்துவிட்டு முன்னால் அப்படியே வைத்தால் மூக்கு தரையைப் பிடித்துக்கொள்ளும், வால் மிதக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும். பின் டயருக்குப் பிடிமானம் ஏற்கெனவே குறைவு. அதனால் பிரேக் பயாஸையும், அதாவது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடுகிற அளவையும், ஓரிரண்டு புள்ளி முன்னால் தள்ள வேண்டும். கட்டுரையில் பயாஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காற்று என்ன செய்யும் என்று எங்கள் மாவட்டத்துக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆடி மாதம் வள்ளியூரிலிருந்து பைக்கில் திரும்பும்போது முப்பந்தல் தாண்டியதும் எதிர்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். நாலாவது கியரில் இழுக்காது, மூன்றுக்கு இறக்கித்தான் ஆரல்வாய்மொழி வந்து சேர வேண்டும். பையனைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த ரோட்டில்தான் விளக்கினேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதை மீறிப் போக எஞ்சினுக்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. விங் தருகிற அழுத்தமும் காற்றின் தடை மாதிரி நான்கு மடங்குக் கணக்குதான். 320-இல் கிடைக்கிற அழுத்தத்தில் 80-இல் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. மான்சாவின் முதல் சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க வைத்த நெளிவு வளைவு) ஃபார்முலா ஒன் கார் கிட்டத்தட்ட அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். அங்கே விங் பேருக்குத்தான். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங்கும், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற ஆன்ட்டி ரோல் பாரும், டயரும்.

அதனால் சிக்கேன் ஓரத்து மேடான விளிம்பில், அதாவது கர்பில், ஏறி இறங்குகிற அளவுக்கு சஸ்பென்ஷனைக் கொஞ்சம் இளக்கி வைக்கச் சொன்னேன். வேகமான டிராக் என்றதும் பையன்கள் வண்டியைக் கல்லுமாதிரி இறுக்கித் தரையோடு தரையாகத் தாழ்த்திவிடுகிறார்கள். கர்பில் ஏறினால் அது தவளை மாதிரி துள்ளும். டயர் தரையில் இல்லாத நேரத்தில் எந்த எஞ்சின் இருந்து என்ன பயன்? இவன் ஆடுவது அசெட்டோ கோர்சா. 2014-இல் வந்த கேம். அதில் இருப்பது பழைய மான்சா. 2024-இல் அங்கே தார் புதிதாகப் போட்டு கர்புகளையும் மாற்றிவிட்டார்கள். ஆக, புது கேமின் எண்ணைப் பழைய கேமில் போட்டாலும் ஒத்துவராது. அட்டவணை எந்த கேமுக்கு என்றாவது குறிப்பிட்டிருக்கலாம்.

அப்புறம், கேம்பர். அட்டவணையில் முன் சக்கரத்துக்குக் கண்டபடி நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்கிற கோணம், கொடுத்திருக்கிறார். வளைவு நிறைந்த டிராக்குக்கு அது சரி. இங்கே பெரிய வேலை நேர்ரோட்டு முடிவில் பிடிக்கிற பிரேக். டயர் சாய்ந்து நின்றால் பிரேக் பிடிக்கும்போது உள்விளிம்பு மட்டும்தான் ரோட்டைத் தொடும். போன வாரம் பேச்சிப்பாறையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. டயரின் உள்பக்கம் நூல் தெரிகிறது, வெளிப்பக்கம் புதுசு மாதிரி பட்டன் அப்படியே நிற்கிறது. பையனைக் கூப்பிட்டு அதில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்குப் போனதும் கேம்பரைக் குறைத்துவிட்டான்.

கியரிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. தனியாக ஓடும்போது நேர்ரோட்டுக் கடைசியில் எஞ்சின், சுற்றை ஒரு அளவுக்கு மேல் ஏற விடாத லிமிட்டரைத் தொடுகிற மாதிரி டாப் கியரை வைத்தால், பந்தயத்தில் முன்னால் போகிறவன் பின்னால் ஒட்டிப் போகும்போது காற்று விலகி வண்டி இன்னும் ஓடப் பார்க்கும், லிமிட்டர் விடாது. முந்த வேண்டிய இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பான். கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

கட்டுரையாளரோடு எனக்குப் பெரிய வழக்கு ஒன்றுதான். டாப் ஸ்பீடு எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 330 போகிற வண்டி 333 போனால் ஸ்டிரெயிட்டின் கடைசி 300 மீட்டரில் மிச்சமாவது 0.03 விநாடி. கடைசி வளைவான பரபோலிகாவிலிருந்து 180-க்குப் பதில் 185-இல் வெளியே வந்தால் முதல் 100 மீட்டரிலேயே 0.05 விநாடி மிச்சம். அந்த வேகம் அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் கூடவே வரும். அதற்காக விங்கை ஓரிரு புள்ளி ஏற்றினாலும் நஷ்டமில்லை. அதே போல் லெஸ்மோ இரண்டாம் வளைவும்: அங்கே தடுமாறினால் அடுத்த சிக்கேனான அஸ்காரி வரைக்கும் அழ வேண்டியதுதான். பரபோலிகாவுக்கு 2021-இலேயே இத்தாலிய ஓட்டுநர் மைக்கேலே ஆல்பொரேட்டோ பெயரை வைத்துவிட்டார்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் பையன்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

இவ்வளவும் ஒரே நாளில் மாற்றவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, ஐந்து சுற்று, நோட்டில் எழுது என்றேன். முகத்தைச் சுளித்தான், எழுதினான். போன ஞாயிற்றுக்கிழமை 1 நிமிடம் 26.1. அடுத்த சுற்று அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, அஸ்காரியில் கரண்ட் போய்விட்டது. அடுத்த பகுதியில் பெட்ரோல் எடை பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் எந்த கேம், எந்தக் கார் என்று மேலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அலைன்மென்ட் கடைக்காரர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.