வசந்தாவுக்கு, மல்லாட்டையை முன்னிட்டு

புதுச்சேரி, லாஸ்பேட்டை

அன்புள்ள வசந்தா,

ஐப்பசி மழைக்கு முன் மல்லாட்டை (பேத்தி பாடத்தில் நிலக்கடலை) பிடுங்க ஆள் கிடைக்காமல் நீயும் மருமகளுமே கொல்லையில் இறங்கினீர்கள் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. முதுகைப் பார்த்துக்கொள். இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்தி பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள். அவள் சாக்கில் நானும் மறுபடி படிக்கிறேன்.

நீ பிடுங்கிய செடியின் ஒவ்வொரு செல்லிலும் 40 குரோமோசோம், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். தென் அமெரிக்காவின் இரண்டு காட்டுச் செடிகள், ஆளுக்கு 20, கலந்தபோது இரண்டின் தொகுதியும் அப்படியே தங்கிவிட்டது. அது நடந்து 10,000 வருஷத்துக்கு மேல் இருக்காது என்கிறார்கள்.

ஆனால் தொகுதியை இப்படி இரட்டிக்கும் வித்தை மிகப் பழையது, வசந்தா! 2011-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, வித்துத் தாவரங்களின் மூதாதையில் ஏறத்தாழ 32 கோடி வருஷத்துக்கு முன் மரபணுத்தொகை, அதாவது ஓர் உயிரின் மரபுச் செய்தி மொத்தமும், இரட்டித்திருக்கிறது. பூக்கும் தாவரங்களின் மூதாதையில் 19 கோடி வருஷத்துக்கு முன் இன்னொரு முறை. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் மட்டும் வளரும் அம்போரெல்லா என்ற பூக்கும் செடியின் மரபணுத்தொகையை 2013-ல் படித்தபோது இரண்டாவது இரட்டிப்புக்கு வலுவான சாட்சி கிடைத்தது. உங்கள் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் அந்த வம்சம்தான்.

இரட்டித்தால் என்ன லாபம்? அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டால் தம்பி வெளியூர் போய் வேறு தொழில் பழகலாம் அல்லவா? ஒரு பிரதி பழைய வேலையைச் செய்ய, மற்றது மாறிப் பார்க்கலாம். பெரும்பாலான இரண்டாம் பிரதிகள் காலப்போக்கில் அழிந்துவிடுகின்றன. பிழைத்தவற்றில் விதையையும் பூவையும் உருவாக்கும் மரபணுக்களைக் கட்டுப்படுத்துபவை பல. ஒரு மகரந்தத்தாளுக்குப் பின்னால் இத்தனை கோடி வருஷத்து உபரி இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

அதற்காக, இரட்டித்தால்தான் வாழ்வு என்று நான் ஒப்பமாட்டேன். பிராக்டிகலில் நாம் வெட்டிப் பார்த்த செலாஜினெல்லா, பூவும் விதையும் இல்லாத அந்தச் சின்னச் செடி, நினைவிருக்கிறதா? அதன் இனம் ஒன்றை 2011-ல் ஆராய்ந்ததில் முழு இரட்டிப்பின் தடயமே தெரியவில்லை. மரபணுத்தொகை சுமார் 10 கோடி டி.என்.ஏ. எழுத்துதான். மல்லாட்டைக்கோ 250 கோடிக்கு மேல். இருந்தும் அந்த வம்சம் 40 கோடி வருஷமாகத் தனி வழியில் வந்துகொண்டிருக்கிறது. மறுபக்கம், ஓஃபியோகிளாசம் பெரணி ஒன்றில் ஏப்ரகாம், நைனான் என்ற ஆய்வாளர்கள் 1950-களில் எண்ணியது 1,260 குரோமோசோம்! அத்தனையும் சேர்த்து வைத்தும் அது ஈரத் தரையில் ஓர் இலை விடுகிற சின்னப் பெரணிதான்.

உன் கருத்தை எழுது. தைப்பூசத்துக்கு வடலூர் வருகிறேன், சபைக்கு வந்துவிடு. பேத்தியும் வருகிறாள்.

அன்புடன்,
லட்சுமி