மகாமண்டப மேல்தளத் திருப்பணி நிறைவு அறிக்கை

வரிதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த நம் அம்மன் கோயில் மகாமண்டபத்தின் மேல்தளப் பணி நிறைவடைந்தது. இதைச் செய்த முறை முழுவதும் நம் கொத்தனார் தாத்தாவுடையது. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் பிறந்தவர். 1956 நவம்பர் 1 அன்று தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதே கரண்டி பிடித்திருந்தார். ஊரில் பாதி வீட்டுக்குக் கடைக்கால் போட்டவர். கோயில் வேலைக்கும் குளத்து மடைக்கும் மட்டும் கடைசிவரை கூலி வாங்கியதில்லை.

ஒழுக்குக்குக் காரணம் பழைய தளம் அல்ல. முன்பொரு பராமரிப்பில் சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அது வெயிலில் மயிரிழையாய் வெடித்தது. வெடிப்பு வழியே ஆடிச் சாரல் இறங்கியது. இறங்கிய ஈரம் காய வழியில்லாமல் கீழே மண்டபத்தை மூடியிருக்கும் மூடுகல் இடுக்கில் உப்புப் பூத்தது. தாத்தா அப்போதே வேண்டாம் என்றவர்.

தை பிறந்ததும் சிமெண்டைச் சிற்றுளியால் கொத்தி எடுத்தோம். கம்பிப்பாரை போட்டால் கல் அதிரும் என்று அவர் விடவில்லை. இடுக்குகளில் இருந்த அரசங்கன்றுகளை வேரோடு தோண்டி எடுத்த பிறகே சுண்ணாம்புச் சாந்தும் கல் சில்லும் வைத்து இறுக்கினோம். வேர் நுனி தங்கினாலும் மறுவருஷம் துளிர்க்கும்.

சுண்ணாம்பை இருபது நாள் தொட்டியில் நீற்றிச் சலித்தோம். நீறாத கட்டி உள்ளே போனால் பிறகு ஈரம் பட்டுப் பொரிந்து தளத்தைத் தூக்கிவிடும். செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு. சிமெண்ட் ஒரு சட்டிகூடக் கிடையாது. ஜல்லியை முதல் நாளே நனைக்க வேண்டும். காய்ந்த ஜல்லி சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நான்கு அங்குலம் பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்து, மூன்று அங்குலமாக இறுகும்வரை கட்டையால் அடித்தோம். தண்ணீர் வழிந்தோட ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் (சரிவு).

எப்போது நிறுத்துவது என்பதைத் தாத்தா காதால் சொன்னார். மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மேலே கட்டை ‘தொப்’பென்று விழுந்தால் “இன்னும் பச்சை, அடிங்க” என்பார். ஓசை கெட்டியாக மாறியதும் கையைத் தூக்குவார். நான்காம் நாள் மாலையில்தான் அந்தக் கை உயர்ந்தது.

பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். அந்த நாட்களில் தாத்தா காலமானார். தளத்தின் மேல் தட்டை ஓடு பதித்ததைப் பார்க்க அவர் இல்லை. அவர் கற்றுக்கொடுத்த பையன்கள்தான் பதித்தார்கள். கைப்பிடிச் சுவர் ஓரங்களை அவர் சொன்னபடியே மூலை விடாமல் உருட்டி முடித்தார்கள்.

மழைநீர் வெளியேறும் தூம்புகளை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்ததில் வடமேற்குத் தூம்படியில் மட்டும் கசிந்தது. கல் தூம்பும் தளமும் சேரும் இடத்தில் ஜல்லி சரியாக அடிபடவில்லை. ஒன்றரை அடி பிரித்து மறுபடி அடித்தபின் நின்றுவிட்டது.

வரவு செலவு விவரம் கோயில் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ரசீதுகளைக் கணக்கரிடம் பார்க்கலாம்.

வருஷந்தோறும் சாரலுக்கு முன், வைகாசியில், மூன்று தூம்புகளிலும் சருகை வாரி, ஓரங்களில் கன்று முளைத்திருக்கிறதா பார்க்க வேண்டும். தளத்தில் எங்கே வெடிப்பு கண்டாலும் சுண்ணாம்புதான் வைக்க வேண்டும். தாத்தாவின் ரசமட்டமும் அடிகட்டையும் மடப்பள்ளி அலமாரியில் உள்ளன. வேலைக்கு எடுக்கிறவர்கள் எடுத்த இடத்திலேயே வைக்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்