சித்தப்பாவுக்கு, வேன் வீடு கட்டும் முன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதமும், நீங்கள் கையால் வரைந்து அனுப்பிய வண்டிப் படமும் வந்து சேர்ந்தன. சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை அடுப்பு எல்லாம் அமைத்துச் சித்தியோடு ஊர் ஊராகப் போய்த் தங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வண்டியை நிறுத்தி வாழ்கிற எங்களிடம் நிறையப் பேர் இதே விஷயத்தைக் கேட்கிறார்கள் என்பதால், உங்களுக்கான பதிலை எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

தினமும் ரிப்பேர் இருக்குமா, அப்படியிருந்தால் வெளியே போக நேரம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ரிப்பேர் இருக்கும் சித்தப்பா. ரோட்டில் குலுங்குகிற வீட்டில் ஆணியும் நட்டும் கழன்றுகொண்டேதான் இருக்கும். ஆனால் நாங்கள் பார்த்த ஊர்களில் பாதியை அந்த ரிப்பேர்தான் காட்டியது. வாஷர் வாங்கக் காரைக்குடிக்குப் போனால் அன்று திங்கட்கிழமைச் சந்தை. லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து முடிக்க மதியம் ஆகும் என்றால் அதுவரை முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். பெரிய பர்மாத் தேக்குத் தூண்களும் பீங்கான் ஜாடிகளும் எனாமல் தூக்குச்சட்டிகளும் அங்கே குவிந்து கிடக்கும்.

அதனால் நான் உங்களிடம் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான். வண்டியில் எதை மாட்டினாலும், அது கெட்டுப்போனால் காரைக்குடி மாதிரி ஒரு ஊரில் பொருள் கிடைக்குமா, அங்கே இருக்கிற பட்டறைக்காரர் கழற்றிப் பார்த்துச் சரி பண்ணுவாரா என்று கேட்டுவிட்டு மாட்டுங்கள். உங்கள் படத்தில் மின்சாரத்தில் விரிகிற பந்தல் இருக்கிறது. வேண்டாம். இரண்டு இரும்புக் குழாய், ஒரு தார்ப்பாய், நான்கு கொக்கி போதும், எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற ஃபிரிட்ஜும் வேண்டாம். அந்த வகை, வண்டி சமமாக நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சித்திரை வெயிலில் திணறும். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜை வாங்குங்கள்.

பேட்டரியில் மட்டும் இந்த விதியை நான் தளர்த்துவேன். இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரி எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் கனம் அதிகம், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். நீங்கள் தூங்குகிற கட்டிலுக்கு அடியில் அதை வைக்க எனக்கு மனசு வராது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியே வாங்குங்கள். ஒருநாள் வண்டி முழுக்கத் திடீரென்று இருட்டாகிவிட்டால் பயப்படாதீர்கள். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட், சார்ஜ் ரொம்ப இறங்கியதும் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சார்ஜ் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

பேட்டரி விஷயத்தில் காரைக்குடிக்கு ஒரு சொந்தமும் உண்டு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட இடம். பேட்டரியும் இரும்புத் துருவும் அவர்கள் ஆராய்கிற முக்கியமான விஷயங்கள். அந்த வளாகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு நம்ம வண்டியின் இரண்டு பெரிய கவலைகளும் ஞாபகத்துக்கு வரும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். சித்தி 750 வாட் மிக்ஸியில் மசாலா அரைத்தால், 12 வோல்ட் பக்கத்தில் 60 ஆம்பியருக்கு மேல் ஓடும். கேபிளை டெர்மினலில் மாட்ட அதன் முனையில் இருக்கிற உலோக வளையம், அதாவது லக், கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் அந்த இடம் சூடேறி உருகத் தொடங்கும். எங்கள் வண்டியில் ஒரு லக் அப்படித்தான் கறுத்துப்போனது. கருகிய வாசனை வந்ததும் உங்கள் மாப்பிள்ளை மெயின் ஸ்விட்சை அணைத்தார். டவுனிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் தம்பி சுத்தியால் தட்டி இறுக்க ஒப்புக்கொள்ளவே இல்லை. ஹைட்ராலிக் கிரிம்பர் எடுத்துவந்து புது லக்கை அழுத்தி, மேலே ஸ்லீவ் போட்டுச் சுருக்கிக் கொடுத்துவிட்டுத்தான் டீ குடித்தார். அந்த மாதிரி ஆளைக் கண்டுபிடித்தால் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை மிக்ஸி ஓடும்போதே டெர்மினல்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள்.

சோலார் பேனல் விற்கிறவர் சொல்கிற வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் சோதித்தது. இங்கே கோடையில் கூரை மேல் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டால், நல்ல வெயிலிலேயே ஏழில் ஒரு பங்கு போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விடச் சொல்லுங்கள். செம்மண் புழுதியைக் காலையிலேயே, பேனல் சூடேறுமுன், ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ராத்திரியில் உங்களை எழுப்பப் போவது அதுதான். 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப்பில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கும். குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை டக்கென்று அது ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். பம்ப்புக்கு அடுத்தாற்போல் ஒரு கேட் வால்வு வைத்துக்கொண்டால் கண்டுபிடிப்பது சுலபம். வால்வை மூடுங்கள். மூடிய பிறகும் டக் சத்தம் வந்தால் குற்றம் பம்ப்பில். நின்றுவிட்டால் லைனில் கசிவு. கிளிப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள், சமையல் சிங்க்குக்கு அடியில்தான் முதலில் ஈரம் தெரியும்.

பம்ப்பில்தான் குற்றம் என்றால், இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதை ஞாபகம் வையுங்கள். உள்ளே இருக்கிற ரப்பர் வால்வில் உப்பு படிந்து சரியாக மூடாமல் போகும். கழற்றி வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் சரியாகிவிடும். டேங்க் நிரப்பும்போது வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். பம்ப்புக்கு முன்னால் ஒரு வலை ஃபில்டரும் இருக்கட்டும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் முதல் நாளே ஊர்க்காரர்களிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் வந்த புதிதில், வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஊருணியைக் காட்டினார்கள். "இது குடிக்கிற ஊருணி ஆத்தா, கால்கூட நனைக்க மாட்டோம்" என்றார்கள். மழைத்தண்ணீரை வீட்டு முற்றத்திலேயே அண்டா வைத்துப் பிடித்துப் பழகியவர்கள் இவர்கள். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடினால், அப்புறம் அந்த ஊரில் தங்குவதற்கு நமக்கு உரிமை இல்லை. நாங்கள் வாளியில் பிடித்து, ஆச்சி காட்டிய வாழை மரங்களுக்கு ஊற்றுகிறோம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே பெரிய வீடுகளில் மழைக்கு முன் ஆள் ஏறி நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி அடுக்குவார்கள். அதைச் செய்யாமல் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் உத்தரம் உளுத்துச் சுவர் ஊறி நிற்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். வண்டிக் கூரையும் அப்படித்தான் பராமரிப்பைக் கேட்கும். தகடு ஒரு அளவு விரியும், அதில் பதித்த ஃபைபர் காற்றுப்போக்கி வேறொரு அளவு விரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சீலன்ட்தான் கிழியும். பழைய சிலிக்கான் மேலேயே புதுசைத் தடவினால் ஒட்டாது. முழுக்கச் சுரண்டி எடுத்து, தின்னர் போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போட வேண்டும். நான் சிலிக்கானையே நம்புவதில்லை. பஸ்சுக்குக் கண்ணாடி மாட்டுகிறவர்களிடம் பாலியூரித்தேன் சீலன்ட் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். அது வெயிலில் நாளடைவில் வெடிக்கும் என்பதால் மேலே ஒரு கை பெயின்ட் அடித்துவிடுங்கள். முடிந்ததும் கூரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஒருவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிப்பக்கமாக ஓட்டை இருக்கட்டும், இணைப்பைச் சோப்பு நுரை போட்டுச் சோதியுங்கள். 5 கிலோ சிலிண்டர் போதும். டயரில் பட்டன் தேயவில்லை என்று இருந்துவிடாதீர்கள், பக்கவாட்டில் 2322 என்று இருந்தால் 2022-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது. நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் டயர் ஓடாமலேயே கிழமாகும். வண்டியை மாற்றி அமைக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிவு செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைக் கேட்கிறது.

அப்புறம், தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி. ஆத்தங்குடிக்குப் போய் அந்தக் கல் உருவாவதை மணிக்கணக்கில் பார்த்தவள் நான். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே உலர்ந்த மணல் சிமென்ட் கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை. அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். சூளை கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. எனக்கும் ஆசைதான். ஆனால் அது சிமென்ட் கல். ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கனம் என்றால் சதுர அடிக்கு 4 கிலோ வரும், 60 சதுர அடித் தரைக்கு 240 கிலோ. வண்டியின் உடம்பு ஒவ்வொரு குழியிலும் முறுக்கிக்கொள்ளும், கல் முறுக்காது, விரிசல் விடும். தரைக்கு வினைல் போடுங்கள். ஆத்தங்குடியிலிருந்து ஒரே ஒரு கல் வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், சூடான சட்டியை இறக்கிவைக்க. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க அதன் நிறம் ஏறுகிறது.

சித்தியின் முழங்காலை நினைத்துத்தான் போகிற இடங்களை யோசிக்கிறேன். குன்றக்குடி மலைப்படி அவர்களுக்குச் சிரமம். பிள்ளையார்பட்டி சரி, குடைவரைக் கோவில் தரைமட்டத்தில்தான் இருக்கிறது, விடியற்காலையில் போனால் பெரிய வண்டியை நிறுத்தவும் இடம் கிடைக்கும். திருமயத்தில் சேதுபதி மன்னர் 1687-ல் கட்டிய கோட்டைக்கு நீங்களும் மாப்பிள்ளையும் ஏறுங்கள். நானும் சித்தியும் கீழே பெருமாள் கோவிலிலும், அதை ஒட்டியே இருக்கிற சிவன் கோவிலிலும் இருப்போம். ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் குடைந்த இரண்டு கோவில்கள். அதன் குளிர்ச்சியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராது.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்குக் கட்டாயம் போக வேண்டும். மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டியிருக்கும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்க்காரர்கள் அவர்கள். நாமும் எஞ்சினை அணைத்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். வண்டியிலேயே காபி போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்க முடிவது இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று. உள்ளூர்த் தெருக்களில் மட்டும் கவனம். இங்கே தெருக்கள் நேராகவும் அகலமாகவும்தான் இருக்கும், ஆனால் கோவில் வளைவுகளும் தாழத் தொங்கும் கரண்ட் கம்பிகளும் கூரைப் பேனலை உரசும். பேனலோடு சேர்த்த உயரத்தை அளந்து டிரைவர் சீட் முன்னால் ஒட்டிவைத்துவிடுங்கள்.

பணம் கொடுத்து வண்டியை முடிக்குமுன், தை மாதம் சித்தியை அழைத்துக்கொண்டு இங்கே வந்து எங்களோடு தங்குங்கள். சித்திரையில் வந்தால், வெயிலைப் பார்த்துவிட்டு அவர்கள் இந்த யோசனையையே வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார்கள். திங்கட்கிழமை வந்தால் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, அப்படியே வெல்டிங் பட்டறைக்குப் போய் வண்டிக்கு மடக்குப் படி செய்வதைப் பற்றிப் பேசிவிடலாம். ஒவ்வொரு படியும் 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது என் எண்ணம். இருந்தாலும் வீட்டு மாடிப்படியில் சித்தி வலிக்காமல் ஏறுகிற உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்